ஓவர்டிரைவ் விழவில்லையா? கியர் பொக்ஸைக் கழற்ற முன் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள்

கேள்வி: அண்ணை, நான் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அப்பா வைத்திருந்த 1997ஆம் ஆண்டு ரொயோட்டா கொரோலா 110, பெற்றோல், ஓட்டோ கியர் கார் ஒன்று வீட்டில் நிற்கிறது. அம்மாவைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் அதில்தான். போன மாரியோடு காரில் ஒரு கோளாறு. முன்பெல்லாம் ஐம்பதைத் தாண்டியதும் எஞ்சின் சத்தம் ஒருதரம் இறங்கி அமைதியாக ஓடும். இப்போது எழுபதில் ஓடினாலும் இரைந்துகொண்டே போகிறது. ஓவர்டிரைவ் என்ற நான்காவது கியருக்கான பட்டனை அமத்தினாலும் விட்டாலும் ஓட்டத்தில் வித்தியாசம் இல்லை. மீற்றரில் உள்ள விளக்கு மட்டும் பட்டனுக்கேற்ப எரிந்து அணைகிறது. லீற்றருக்குப் பதினொரு கிலோமீற்றர் ஓடிய கார் இப்போது எட்டரைதான் ஓடுகிறது. இன்னொன்று: பெற்றறி பழசு, அணைத்தால் ஸ்ராட் வராதோ என்ற பயத்தில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் எஞ்சினை ஓடவிட்டுத்தான் இறங்குவேன். அங்கிருந்து வெளிக்கிட்டால் ஒன்றிரண்டு கட்டை தூரம் கார் பழையபடி அமைதியாக ஓடும். பிறகு திரும்பவும் இரைச்சல். மாரியில் ரேடியேற்றர் ஒழுகித் திருத்தினோம். அதற்குப் பிறகு சூட்டு மீற்றர் முன்னரைவிடக் கீழே, நல்ல குளிராகவே நிற்கிறது. கராஜில் கியர் பொக்ஸ் முடிந்துவிட்டது, கொழும்பில் ரீகண்டிஷன் பொக்ஸ் எடுத்துப் போடவேண்டும் என்கிறார்கள். என் சம்பளத்தில் அது பல மாதக் காசு. கழற்றச் சொல்லலாமா?

பதில்: ரீச்சர், கழற்றச் சொல்லாதீர்கள். முற்பணமும் கொடுக்காதீர்கள். கடிதத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு விசயங்கள்தான் எனக்கு எல்லாவற்றையும் சொல்லுகின்றன. ஒன்று முறிகண்டி. மற்றது அந்த 'நல்ல குளிர்'.

கியர் பொக்ஸுக்குள் கிளச் தட்டுகள் எரிந்திருந்தால், அவை பிள்ளையாரடியில் பத்து நிமிடம் நின்றதும் குணமாகி, இரண்டு கட்டை தூரம் வேலை செய்துவிட்டுத் திரும்ப எரிந்துபோவதில்லை. எரிந்த தட்டு எப்போதும் எரிந்த தட்டுத்தான். சூடேறினால் அது இன்னும் மோசமாக வழுக்குமே தவிரத் திருந்தாது. உங்கள் காரோ நின்று சூடேறியதும் நான்காவது கியருக்குப் போகிறது, வெட்டை வீதியில் காற்றடித்துக் குளிர்ந்ததும் அதை விட்டுவிடுகிறது. ஆகவே நான்காவது கியர் உயிரோடுதான் இருக்கிறது. அதற்குப் போகவிடாமல் ஏதோ ஒன்று தடுக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பல மாதச் சம்பளம்.

எப்படித் தடுக்கிறது என்று விளங்கப்படுத்துகிறேன். இந்தக் கார்களில் மூன்று கியர் சாதாரணமாக ஓட. நான்காவதுதான் ஓவர்டிரைவ். ஒரே வேகத்தில் எஞ்சினைக் குறைவாகச் சுழலவிட்டு ஓடுவதற்கானது அது. மூன்றாவதில் மூவாயிரம் சுற்றில் நிற்கும் எஞ்சின், அதே வேகத்தில் நான்காவதில் இரண்டாயிரத்துக்குச் சற்று மேலேதான் நிற்கும். நீங்கள் சொன்ன 'சத்தம் ஒருதரம் இறங்குவது' அந்த மாற்றம்தான். பட்டனை அமத்தியும் விட்டும் வித்தியாசம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியாமலே ஒரு நல்ல சோதனையைச் செய்துவிட்டீர்கள். கார் நான்காவதில் ஓடிக்கொண்டிருந்தால், பட்டனால் ஓவர்டிரைவை நிறுத்தியதும் அது மூன்றாவதுக்கு இறங்கி எஞ்சின் சீறவேண்டும். சீறவில்லை. அப்படியென்றால் முதலிலிருந்தே மூன்றாவதில்தான் ஓடியிருக்கிறது. விளக்கு ஒழுங்காக எரிந்து அணைவதால் பட்டனையும் பல்பையும் சந்தேகப்படத் தேவையில்லை. பட்டன் உள்ளே அமர்ந்து, விளக்கு அணைந்திருக்கும் நிலைதான் ஓவர்டிரைவுக்கு அனுமதி. அதை மட்டும் மனதில் வையுங்கள்.

இனி அந்தத் தடை. எஞ்சின் குளிராக இருக்கும்போது ஓவர்டிரைவுக்குப் போகக்கூடாது என்று இந்தக் கார்களைச் செய்தவர்களே விதித்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினைக் குறைந்த சுற்றில் இழுக்கவைத்தால் அது திணறும், சூடேறவும் நேரமெடுக்கும். அதனால் எஞ்சின் தண்ணீர், கார் மாதிரிக்கேற்ப, ஐம்பது, அறுபது பாகை செல்சியஸ் அளவுக்கு வரும்வரை நான்காவது கியர் மறிக்கப்படும். எஞ்சினையும் கியர் பொக்ஸையும் ஒயிலால் இணைக்கும் டோர்க் கொன்வேட்டரை வழுக்காமல் பூட்டும் லொக்கப்பும் அப்படியே. காலையில் வெளிக்கிட்டு முதல் சில நிமிடம் எந்த நல்ல காரும் இப்படித்தான் ஓடும். உங்கள் கார் நாள் முழுக்கக் காலையிலேயே நிற்கிறது.

ஏன் நிற்கிறது? என் கணிப்பு இது. மாரியில் ரேடியேற்றரைத் திருத்தியவர்கள், எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் மறிக்கும் தேர்மோஸ்டற் வால்வைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். அல்லது பழைய வால்வு திறந்தபடி இறுகிவிட்டது. முதலாவதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். வன்னியில் எந்தக் கராஜிலும் இது நடக்கும். 'எங்கட வெயிலுக்கு இது தேவையில்லை' என்று சொல்லியே கழற்றுவார்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அந்தக் கைகள் மேல் எனக்குப் பெரிய மரியாதையும் உண்டு. தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் ஒரு துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் செய்து, மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய மண் இது. உதிரிப்பாகம் வராது, ரேடியேற்றருக்கு விடும் கூலன்ற் திரவம் என்ற பேச்சே இல்லை. பழைய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜிலும் மொரிஸ் மைனரிலும் வால்வு இறுகினால் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார்கள், ஓடியும் முடித்தார்கள். அவை கையால் கியர் போடும் கார்கள். தண்ணீரின் சூட்டைக் கேட்டு முடிவெடுக்க அவற்றில் ஒன்றுமே இல்லை. ஓட்டோ கியர் கார் அப்படியல்ல. அதில் ஒரே சூட்டுக் குறியைக் கேட்டுத்தான் பெற்றோல் எவ்வளவு விடுவது என்பதும், நான்காவதுக்குப் போவதா என்பதும் தீர்மானிக்கப்படுகின்றன. எஞ்சின் குளிர் என்று குறி வந்தால் பெற்றோல் கூடுதலாகத்தான் பாயும். பதினொன்று எட்டரையானதற்கு மூன்றாம் கியர் ஒரு காரணம், இது மற்றக் காரணம்.

'குளிராக ஓடுவது எஞ்சினுக்கு நல்லதுதானே' என்று கேட்பார்கள். நல்லதில்லை. அந்த எஞ்சின் எண்பது பாகைக்கு மேல் ஓடுவதற்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்டது. வால்வு 82 பாகை அளவில் திறக்கத் தொடங்கும். அதற்குக் கீழேயே ஓடிக்கொண்டிருந்தால் எரியாத பெற்றோல் ஒயிலில் கலந்து, ஒயில் மெலிந்து தேய்மானம் கூடும். வால்வு இல்லாவிட்டால் சூடே ஏறாது என்பதும் பிழை. எஞ்சின் தண்ணீருக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று ரேடியேற்றர் ஊடாகப் போய் ஆறி வருவது, மற்றது ரேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குறுக்கு வழி. இந்த ரொயோட்டா எஞ்சினில் வால்வு திறக்கும்போது அதன் அடித்தட்டு அந்தக் குறுக்கு வழியைச் சாத்திவிடும். வால்வைக் கழற்றினால் குறுக்கு வழி எந்நேரமும் திறந்தே கிடக்கும். வெட்டை வீதியில் தேவைக்கு மேல் குளிரும். ஏசி போட்டு, ஆட்களை ஏற்றி, சித்திரை வெயிலில் ஊர்ந்து போகிற அன்றைக்கோ தண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே திரும்பி வந்து கொதிக்கவும் வைக்கும். கொதிக்கிறது என்று வால்வைக் கழற்றினால் குளிர்விக்கும் திறன் குறையும் என்று ரொயோட்டாவின் திருத்தக் கையேட்டிலேயே எச்சரித்திருக்கிறார்கள்.

இதெல்லாம் என் கணிப்பு. கடிதத்தை வைத்துக் காருக்கு மருந்து எழுதுவது சரியில்லை. காசில்லாமல் நீங்களே இதை உறுதிப்படுத்தலாம். ஆனால் அதற்கு முன் கியர் ஒயிலைக் கட்டாயம் பாருங்கள். காரணம் இருக்கிறது: ஓட்டோ காரின் ரேடியேற்றரில் கீழ்ப்பக்கமாக இரண்டு மெல்லிய குழாய்கள் வந்து சேரும். கியர் ஒயில் அந்த வழியே ரேடியேற்றருக்குள் போய் ஆறித் திரும்பும். ரேடியேற்றரைக் கழற்றும்போது அந்த ஒயில் கொஞ்சம் கொட்டும். பலர் திரும்ப அளவு பார்ப்பதில்லை.

பார்க்கும் முறை இது. ஒரு பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடிவிட்டு, சமதரையில் நிறுத்தி, கைப்பிறேக்கை இழுத்துவிடுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எஞ்சின் ஒயில் போல அணைத்துவிட்டுப் பார்ப்பதல்ல இது. காற்பிறேக்கை அமத்தியபடி கியர் லீவரைப் பார்க்கிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றிலும் ஓரிரு விநாடி நிறுத்திக் கொண்டுபோய், திரும்பப் பார்க்குக்குக் கொண்டுவாருங்கள். பிறகு கியர் ஒயில் அளக்கும் கம்பியை இழுத்துத் துடைத்து, முழுவதுமாகச் செருகி, மறுபடி இழுங்கள். 'ஹொட்' என்று குறித்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் நனைந்திருக்க வேண்டும். நுனியை ஒரு வெள்ளைத் துணியில் ஒற்றி எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். தெளிந்த சிவப்பு என்றால் நிம்மதி. மண்ணிறமாகி, கருகல் மணமில்லாமல் இருந்தால் பழசு, மாற்றவேண்டும். கறுத்து, கருகிய மணம் அடித்து, துணியில் பொடிபோல ஏதும் மினுங்கினால் கராஜ்காரர் சொன்னதிலும் நியாயம் இருக்கலாம். இளஞ்சிவப்பில் பால் கலந்த மாதிரிக் கலங்கியிருந்தால் காரை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ரேடியேற்றருக்குள் இருக்கும் குழாய் வெடித்துத் தண்ணீர் கியர் பொக்ஸுக்குள் போயிருக்கும். அதோடு ஓடினால் உள்ளே உள்ள தட்டுகளின் பசை விட்டுப்போகும். மாரி வெள்ளத்துக்குள் இறங்கி ஓடிய காருக்கும் இது நடக்கலாம். கியர் பொக்ஸின் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் ஏறும்.

அளவு குறைவென்றால் சரியான ஒயிலை விடுங்கள். இந்தக் கால ரொயோட்டா ஓட்டோ பொக்ஸ்களுக்கு டெக்ஸ்ரோன் 2 அல்லது 3 தர ஏ.ரி.எஃப்., அதாவது ஓட்டோ கியர் ஒயில். பொனற் உள்ளே இருக்கும் அந்த ஒயில் கம்பியிலும் கார்க் கையேட்டிலும் எழுதியிருப்பதுதான் கடைசிச் சொல். கடைக்காரர் 'எல்லா ஓட்டோவுக்கும் இது சரி' என்று தருவதை வாங்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அளவு பாருங்கள். கூடினால் நுரைத்து, குறைவாக இருந்ததைவிட மோசமாகும்.

ஒயில் சரி என்றால், இனி அட்டைச் சோதனை. ரேடியேற்றருக்கு முன்னால் அதன் பாதியை மறைக்கிற அளவுக்கு ஒரு தடித்த அட்டையை வெட்டுங்கள். பிஸ்கற் பெட்டி அட்டை போதும். முன் கிறிலுக்குப் பின்னால் நிற்கச் செருகி, காற்றில் பறக்காமல், காற்றாடியில் படாமல் கட்டுங்கள். வெயில் ஏறமுன், ஏசி போடாமல், ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் பக்கமாக ஓடுங்கள். பக்கத்தில் ஒருவரை இருத்தி, சூட்டு மீற்றரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி மெல்ல ஏறி நடுவுக்குச் சற்றுக் கீழே வரும். அந்த நேரம் ஐம்பது அறுபதில், அக்சிலேற்றரை மெதுவாக மிதித்தபடி போகையில் பழைய அமைதி வந்ததா? வந்தவுடன் பட்டனால் ஓவர்டிரைவை நிறுத்திப் பாருங்கள். எஞ்சின் சீறினால் வழக்கு முடிந்தது. உங்கள் கியர் பொக்ஸில் கோளாறில்லை. ஊசி நடுவைத் தாண்டினால் உடனே ஓரமாக நிறுத்தி அட்டையை எடுத்துவிடுங்கள். ரேடியேற்றர் மூடியை அந்தச் சூட்டில் திறக்கவே கூடாது. சோதனை முடிந்ததும் அட்டையைக் கழற்றிவிடுங்கள். அட்டையோடு ஓடித் திரிவது திருத்தமல்ல.

பிறகு செய்யவேண்டியது சின்ன வேலை. புது தேர்மோஸ்டற் வால்வும் அதன் ரப்பர் வளையமும். உங்கள் எஞ்சினுக்குரியதையே, 82 என்று குறித்ததை வாங்குங்கள். போடமுன் மெக்கானிக்கை ஒரு சட்டியில் தண்ணீர் சுடவைக்கச் சொல்லுங்கள். புது வால்வென்றாலும் நான் இதைச் செய்யாமல் பூட்டுவதில்லை. வால்வை நூலில் கட்டிச் சட்டியின் அடியில் படாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியைப் பிடித்தால், எண்பதுக்கு மேல் போகையில் செம்பு மூடி மெல்ல விலகுவது கண்ணுக்குத் தெரியும். தொண்ணூற்றைந்து பாகையில் எட்டு மில்லிமீற்றராவது திறக்கவேண்டும். தண்ணீர் ஆறியதும் இறுக்கமாக மூடவேண்டும். மூடாத வால்வு புதிதாக இருந்தும் பயனில்லை. பூட்டும்போது அதிலுள்ள சிறு அசையும் முள் மேற்பக்கமாக இருக்கட்டும், காற்றுக் குமிழ் வெளியேறுவதற்கான வழி அது.

ஒரு வேளை காரின் கொம்பியூற்றருக்குச் சூட்டைச் சொல்லும் சென்சர் கெட்டிருக்கவும் கூடும். மீற்றர் ஊசிக்கு ஒற்றைக் கம்பியில் தனிச் சென்சர், கொம்பியூற்றருக்கு இரண்டு கம்பியில் வேறொரு சென்சர். ஊசி நடுவில் நின்றும் ஓவர்டிரைவ் வராவிட்டால் இந்த இரண்டாவதை ஓம் மீற்றர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 20 பாகையில் இரண்டிலிருந்து மூன்று கிலோ ஓம், 80 பாகையில் 0.2 முதல் 0.4 கிலோ ஓம் காட்டவேண்டும். சூட்டிலும் இரண்டு மூன்று கிலோ ஓமிலேயே நின்றால் கொம்பியூற்றர் இன்னும் குளிர் என்றே நம்பிக்கொண்டிருக்கும்.

வால்வு மாற்றும் அன்று தண்ணீரையும் மாற்றிவிடுங்கள். உங்கள் ரேடியேற்றர் ஏன் ஒழுகியது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எங்கள் பக்கக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் அதே வெள்ளைதான் பிடிக்கிறது. கொஞ்சம் உவரும் சேர்ந்தால் உலோகத்தை அரிக்கும். இறுகிய வால்வுகளில் பெரும்பாலானவை இப்படி வெள்ளை பிடித்துத்தான் என் மேசைக்கு வருகின்றன. கலந்து போத்தலில் வரும் கூலன்றை ஊற்றுங்கள். செறிவான கூலன்ற் என்றால் பெற்றறிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். ஐந்து, ஆறு லீற்றர் அளவு போகும். வீதியில் ஒழுகி அவசரத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் விட்டால் பரவாயில்லை, வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள்.

அட்டை வைத்தும் சரிவரவில்லை என்றால்தான் அடுத்த படிகள். அப்போதும் கியர் பொக்ஸைக் கழற்றுவது கடைசி.

பொனற்றைத் திறந்தால் காரின் உடம்பில் ஒரு தகடு அடித்திருக்கும். அதில் 'ட்ரான்ஸ்/அக்ஸில்' என்ற வரியில் உங்கள் கியர் பொக்ஸின் குறி இருக்கும். கடைசி எழுத்தைப் பாருங்கள். 'ஈ' என்றால் கொம்பியூற்றர் கியர் மாற்றும் வகை, 'எல்' என்றால் ஒயில் அழுத்தத்தாலேயே மாறும் வகை. எல் வகையிலும் ஓவர்டிரைவுக்கென ஒரு சொலினோயிட், அதாவது மின்சாரத்தால் திறந்து மூடும் சிறு வால்வு உண்டு, பட்டனும் சூட்டுக் குறியும் ஆளுவது அதைத்தான்.

ஈ வகையில் கோளாறு இருந்தால் ஓடும்போதே ஓவர்டிரைவ் விளக்கு தானாகச் சிமிட்டும். உங்களுடையது சிமிட்டுவதாக எழுதவில்லை, அதுவும் நல்ல குறிதான். சிமிட்டினால் பொனற்றுக்குள் மூடியோடு இருக்கும் சிறு கறுப்புச் சோதனைப் பெட்டியில் டீ.ஈ.1, ஈ.1 என்ற இரண்டு முனைகளை ஒரு கம்பியால் இணைத்து, பட்டனை உள்ளே அமத்தி, எஞ்சினை ஸ்ராட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டால் அந்த விளக்கே பிழையை எண்ணிச் சொல்லும். இடைவிடாமல் வேகமாகச் சிமிட்டினால் பிழை பதிவில்லை. நான்கு சிமிட்டல், ஓர் இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 42. அது ஸ்பீட் சென்சர். 61 இரண்டாவது ஸ்பீட் சென்சர், 62உம் 63உம் கியர் மாற்றும் சொலினோயிட்கள், 64 லொக்கப் சொலினோயிட். இதை நீங்கள் செய்யவேண்டாம், பழகிய ஒருவரே செய்யட்டும். கம்பியைப் பிழையான முனையில் கொடுத்தால் கொம்பியூற்றர் போய்விடலாம். அவர் சொலினோயிட்டைப் பிழை சொன்னால் பொக்ஸைத் திறக்கமுன் வெளியிலுள்ள சொக்கற்றில் அளந்து காட்டச் சொல்லுங்கள். 62க்கும் 63க்கும் உரியவை 11 முதல் 15 ஓம் இருக்கவேண்டும். பல இடங்களில் சொலினோயிட் நன்றாகவே இருக்கும், வெள்ளத்தில் நனைந்து பச்சை பிடித்த சொக்கற் அல்லது எலி கடித்த வயர்தான் கோளாறு. கிறவல் வீதியில் காருக்கு அடியில் தெறிக்கும் சேறு முதலில் போய் உட்காருவதும் அந்தச் சொக்கற்றில்தான்.

இன்னொன்று, அக்சிலேற்றரை எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்பதைச் சொல்ல எஞ்சினிலிருந்து கியர் பொக்ஸுக்குப் போகும் த்ரொட்டில் கேபிள். அக்சிலேற்றரை அடிவரை மிதித்தால் கேபிளில் உள்ள தடுப்புக்கும் உறையின் வாய்க்கும் இடையில் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. எல் வகையில் கேபிள் அதிகம் இறுகினால் கியர் பிந்தி மாறும். தளர்ந்தால் அழுத்தம் குறைந்து தட்டுகள் வழுக்கி எரியும். கேபிளை இழுத்துவிட்டு 'சரியாக்கிவிட்டேன்' என்று யாரும் சொன்னால் அளவு காட்டச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, ரிவேர்ஸ் போட்டால் பிடிக்க நேரமெடுக்கிறது, மிதித்தால் எஞ்சின் மட்டும் சீறுகிறது ஆனால் கார் இழுக்கவில்லை, ஒயில் கறுத்துக் கருகிய மணம், இவையெல்லாம் சேர்ந்து வந்தால் அப்போது பொக்ஸைப் பற்றிப் பேசலாம். அன்றைக்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் 'கொரோலா ஓட்டோ பொக்ஸ்' என்று பொதுவாகக் கேட்டு எடுத்துவரவேண்டாம். ஈ வகைக் காருக்கு எல் வகைப் பொக்ஸ் வெளித்தோற்றத்தில் பொருந்திப்போகலாம், ஒழுங்காக வேலை செய்யாது. மூன்று கியர் மட்டும் உள்ள, ஓவர்டிரைவே இல்லாத பொக்ஸும் இதே கார் வரிசையில் உண்டு. தகட்டிலுள்ள குறியை எழுத்துக்கெழுத்து எழுதிக் கொடுத்து, அதே குறி உள்ளதைத்தான் எடுக்கவேண்டும்.

கிளினிக் நாள் பிந்தாது என்பதால் இதையும் சொல்லவேண்டும்: ஒயில் சரியாக இருந்தால் இப்படியே மூன்றாவதில் கிளிநொச்சி போய் வரலாம். எழுபதுக்குள் ஓடினால் கியர் பொக்ஸுக்கு ஒன்றும் ஆகாது, பெற்றோல்தான் கூடப் போகும். ஆனால் சூட்டு மீற்றரில் கண் வையுங்கள், குறிப்பாக ஊருக்குள் ஊரும்போது. காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். பெற்றறியை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். ஓட்டோ காரைத் தள்ளி ஸ்ராட் செய்ய முடியாது. வழியில் நின்றுவிட்டால் உதவிக்கு வருகிறவர்கள் நல்ல மனதோடு ட்ரக்டரில் கயிறு கட்டி இழுக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள். உங்கள் காரில் முன் சில்லுகள்தான் இழுப்பவை. எஞ்சின் ஓடாமல் அவை தரையில் உருண்டால் பொக்ஸுக்குள் ஒயில் சுற்றாமல் உலர்ந்து தேயும். முன் சில்லுகள் இரண்டையும் தூக்கி வைத்துத்தான் கொண்டுபோகவேண்டும், அல்லது லொறியில் ஏற்றவேண்டும்.

கராஜ்காரரோடு சண்டை பிடிக்கவேண்டாம். 'ரேடியேற்றர் வேலை செய்தபோது தேர்மோஸ்டற் வால்வைக் கழற்றினீர்களா' என்று நேரே கேளுங்கள். பலர் மறைக்கமாட்டார்கள், நன்மை செய்ததாகவே நினைத்திருப்பார்கள். ஓம் என்றால் புது வால்வை நீங்களே வாங்கிக் கொடுத்துப் பூட்டச் சொல்லுங்கள். அட்டைச் சோதனையில் என்ன நடந்தது, ஒயில் கம்பி எந்த நிறம் காட்டியது, தகட்டில் என்ன குறி என்று மூன்றையும் எனக்கு எழுதுங்கள். சரிவராமல் போனால் அதிலிருந்து தொடங்குவோம்.